உள் மைக்கா, வெளி மைக்கா? அப்பாயி பாட்டைப் பிடித்த கதை

போன வாரம் கேண்டீனில் வகுப்பு நண்பன் ஒருவன் கேட்டான். "மச்சி, நீதான் ஊர் ஊராப் போயி பாட்டு ரெக்கார்டு பண்ணுனியே. ரெக்கார்டர்லயே இருக்குற மைக் போதுமா, இல்ல தனியா மைக் வாங்கணுமா?"

"ரெண்டும் வேணும்டா" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. அந்த ஒரு வருஷத்தில் நான் இழந்ததும் கொஞ்சம் இருக்கிறது. அதனால் விலாவாரியாகவே எழுதிவிடுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் நேராகக் கடைசிக்கு முந்தைய பகுதிக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன் :-)

முதலிலேயே ஒன்று. நான் சவுண்டு இன்ஜினியர் கிடையாது. நாகப்பட்டினத்தில் படிக்கும் சாதாரண மாணவன். பாட்டும் வராது, மீட்டரும் தெரியாது. தப்புச் செய்து கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

எப்படி ஆரம்பித்தது

இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு செய்முறை வேலை கொடுத்தார்கள். அவரவர் ஊரில் பத்து நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்து வர வேண்டும். ஐயா வகுப்பில் இரண்டு புத்தகங்களைக் காட்டினார். ஒன்று நா. வானமாமலை தொகுத்தது. இன்னொன்று 'மலையருவி'. பெர்சி மாக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சேகரித்து வைத்த பாடல்களை கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் 1958இல் வெளியிட்டது. புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே ஐயா சொன்னார்: "இதுல பாட்டு இருக்கு. பாடுனவங்க குரல் இல்ல. உங்க கையில ஃபோன் இருக்கு. நீங்க குரலோட கொண்டாங்க."

எனக்கு ஒரே குஷி. ஏனென்றால் எங்கள் அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்றவர், கீழ்வேளூர் பக்கம் நடவுக்குப் போனவர். சாதாரணமாகப் போனவர் இல்லை, பாட்டெடுத்துக் கொடுக்கிற ஆள். அவர் ஒரு அடி எடுத்துக் கொடுத்தால்தான் வரிசையில் நிற்கிற மற்ற பெண்கள் திருப்பிப் பாடுவார்களாம். இப்போது எங்கள் பக்கம் பாதி வயலில் இயந்திர நடவு வந்துவிட்டது. இயந்திரத்துக்குப் பாட்டு தேவையில்லை. அதனால் அப்பாயிக்கும் பாடி ரொம்ப நாளாகியிருந்தது.

முதல் முயற்சி: காற்று பாடிய பாட்டு

ஆடி மாதம். வயல் வரப்பில் வைத்துப் பாடச் சொன்னால்தான் 'இயற்கையாக' இருக்கும் என்று ஒரு மேதாவித்தனம். எழுபத்தெட்டு வயது மனுஷியை வெயிலில் நடத்திக் கூட்டிப்போய், ஒரு வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, ஃபோனை இரண்டடி தூரத்தில் பிடித்துக்கொண்டேன். அப்பாயி இருபது நிமிஷம் நிறுத்தாமல் பாடினார். இடையில் இரண்டு பாட்டு, அப்பாவே கேட்டதில்லை என்று சொன்ன பாட்டு.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் 'புஸ்... புஸ்ஸ்... தட தட தட'. நடுவில் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல். அவ்வளவுதான்.

அப்பாயி ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏண்டா தம்பி, இதுல காத்துல்ல பாடிருக்கு? என் கொரலு எங்கடா?"

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்று தெரிந்த ஊரில் பிறந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. மைக்கின் உள்ளே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு. பேச்சுக்கும் பாட்டுக்கும் அது துளித்துளியாக அதிரும். காற்று நேராக வந்து மோதினால் மொத்தமாக உலுக்கிவிடும். ஃபோனில் இந்த மைக் ஊசி முனை அளவுத் துளைக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குப் பஞ்சும் கிடையாது, குல்லாவும் கிடையாது. போதாக்குறைக்கு ஃபோனைக் கையில் பிடித்திருந்தேன். விரல் நகர்ந்த ஒவ்வொரு முறையும் அந்தத் 'தட தட'.

இன்னொரு விஷயம் பிறகுதான் புரிந்தது. ஃபோன் என்பது பேசுவதற்காகச் செய்யப்பட்ட சாதனம். மெதுவாகப் பேசினால் தானே ஏற்றும், சத்தமாகப் பேசினால் தானே இறக்கும். பல ஃபோன்கள் விடாமல் வருகிற சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து வெட்டவும் செய்யும். நடவுப் பாட்டின் முடிவில் பெண்கள் குலவை போடுவார்கள். அந்தக் குலவை வந்ததும் ஃபோன் மிரண்டு போய் எல்லாவற்றையும் இறக்கிவிட்டது. அடுத்த பாட்டின் முதல் அடி பாதி காணோம்.

இந்தத் தானே ஏற்றி இறக்கும் வேலை புதுசு இல்லை. பழைய டேப் ரெக்கார்டர்களிலேயே உண்டு. எங்கள் தாத்தா சவூதியில் வேலை பார்த்த காலத்தில் கடிதத்துக்குப் பதிலாக கேசட் அனுப்புவார்களாம். டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரை நடுவில் வைத்து வீடே சுற்றி உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வந்து திரும்புகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். தனி மைக் எதுவும் கிடையாது. டப்பாவின் மூலையில் இருக்கிற சின்னத் துளைதான் மைக். அந்தக் கேசட்டுகளில் பேச்சு நின்றதும் 'உஸ்ஸ்' என்று இரைச்சல் மெல்ல மேலே எழுந்து வரும். யாராவது பேசினால் அடங்கிவிடும். அந்தக் கேசட் கதை கடைசியில் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முயற்சி: மூக்கணாங்கயிறு

உள் மைக் உதவாது, வெளி மைக்தான் சரி என்று முடிவு கட்டினேன். ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு காலர் மைக் வாங்கினேன். ஃபோனில் சொருகி, எல்லாம் சரி என்று நினைத்து, சித்தப்பாவை வைத்து அரை மணி நேரம் ஒத்திகை. கேட்டால் பழைய மாதிரியே கிணற்றுக் குரல்!

காரணம் பின். காலர் மைக்கின் பின்னில் இரண்டு கறுப்பு வளையம்தான் இருந்தது. அது கேமராவுக்கும் ரெக்கார்டருக்குமானது. ஃபோனுக்கு மூன்று வளையம் உள்ள பின் வேண்டும். இல்லையென்றால் ஃபோன் அதை மைக் என்றே மதிக்காது. தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டு நம்மை ஏமாற்றும். இப்போது நிறைய ஃபோன்களில் அந்த ஓட்டையே இல்லை, டைப்-சி மாற்றி வேண்டும். அதிலும் எல்லா மாற்றியும் மைக்குக்கு வேலை செய்யாது. எளிமையான சோதனை ஒன்று உண்டு. பதிவு ஓடும்போது வெளி மைக்கின் தலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். திரும்பப் போட்டுக் கேட்கும்போது 'கர் கர்' என்று பெரிதாகக் கேட்டால் அந்த மைக் வேலை செய்கிறது. இல்லையென்றால் நீங்களும் என்னைப் போல அரை மணி நேரம் தண்டம்.

சரியான ஒயர் வாங்கிக்கொண்டு அப்பாயியிடம் போனேன். இந்த முறை வீட்டுத் திண்ணை. கூடவே நடவுக்குப் போன பக்கத்து வீட்டு அக்காமார்கள், பெரியம்மா என்று நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். மைக்கை அப்பாயியின் சேலையில் குத்தி ஒயரை இழுத்தேன்.

"என்னடா இது, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாட்டுன மாதிரி!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அதற்கப்புறம் அப்பாயி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கை அசையவில்லை. வானொலி நிலையத்துக்கு வந்தவர் மாதிரி அளந்து அளந்து பாடினார். ஒயர் அறுந்துவிடுமோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

பதிவைக் கேட்டேன். குரல் கண்ணாடி மாதிரி! ஒவ்வொரு சொல்லும் தெளிவு. ஏட்டில் எழுத உட்கார்ந்தால் ஒரு எழுத்து சந்தேகம் வராது. நடுநடுவே சேலை உரசுகிற சத்தம் தவிர வேறு குறையில்லை.

ஆனால் அது நடவுப் பாட்டாக இல்லை. ஏன் என்று யோசித்து யோசித்துக் கடைசியில் பிடிபட்டது. நடவுப் பாட்டில் ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் வாங்குவார்கள். பாட்டு இருப்பதே அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். எடுப்பவர் மார்பில் மைக்கைக் குத்தினால் வாங்குபவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். பின்பாட்டு தூரத்துத் தெருவில் கேட்பது போல இருந்தது. அப்பாயி யாருமில்லாத வயலில் தனியாக நின்று பாடுவது போல ஒரு பதிவு.

இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. மைக்குக்கும் வாய்க்கும் இடைத்தூரம் இரண்டு மடங்கானால், திறந்த வெளியில் நேராக வருகிற சத்தம் 6 டெசிபல் குறையும். அப்பாயி அரை அடியில், பெரியம்மா நாலடியில். மூன்று முறை இரட்டிப்பு. ஆக 18 டெசிபல் வித்தியாசம். பெரியம்மா எவ்வளவு தொண்டை கிழியப் பாடினாலும் நியாயம் கிடைக்காது.

மூன்றாம் முயற்சி: குரங்குக் குல்லா

சீனியர் அண்ணன் ஒருவரிடம் ஜூம் எச்1என் என்ற கையடக்க ரெக்கார்டர் இருந்தது. இரண்டு பென்டார்ச் பேட்டரியில் (சின்ன சைஸ்) ஓடும். தலையில் இரண்டு மைக் ஒன்றுக்கொன்று குறுக்காக, 90 டிகிரி கோணத்தில் இருக்கும். இதுவும் 'உள் மைக்'தான். ஆனால் ஃபோனின் உள் மைக்கும் இதுவும் ஒரே பெயர் கொண்ட இரண்டு வேறு ஜாதிப் பறவைகள். இது பதிவு செய்வதற்கென்றே செய்யப்பட்டது. சத்த அளவை நாமே திருகி வைக்கலாம். தானே ஏற்றி இறக்கும் வேலையை அணைத்து வைக்கலாம்.

திண்ணையில் உரலைக் கவிழ்த்துப் போட்டேன். அதன்மேல் துண்டை நாலாக மடித்து ரெக்கார்டரை வைத்தேன். துண்டு முக்கியம். இல்லையென்றால் யாராவது தரையில் கை ஊன்றினால்கூட 'தொம்' என்று ஏறும். காற்றுக்கு ரோமக் குல்லா வாங்கக் காசில்லை. மார்கழியில் தாத்தா போட்டிருந்த குரங்குக் குல்லாவைத் தளர்வாகப் போட்டுவிட்டேன். தலை கிழிந்த பொம்மை மாதிரி இருந்தது, ஆனால் வேலை செய்தது! மைக்குக்கும் துணிக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். துணி மைக்கில் ஒட்டினால் பாதிப் பலன்தான்.

எல்லோரையும் பிறை மாதிரி உட்கார வைத்தேன். நடுவில் அப்பாயி மூன்றடியில், மற்றவர்கள் நாலரை அடியில். குலவை போடச் சொல்லி முதலில் ஒரு முறை பார்த்து, அதற்குத் தகுந்த மாதிரி அளவைக் குறைத்து வைத்தேன். பிறகு நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அப்பாயி ரெக்கார்டரை இரண்டு நிமிஷத்தில் மறந்துவிட்டார். பாட்டு, நடுவில் சண்டை ("அந்த அடி அப்பிடி இல்லடி!"), வெற்றிலை இடிக்கிற சத்தம், மறுபடி பாட்டு. இடது காதில் பெரியம்மா, வலது காதில் அக்காமார்கள், நடுவில் அப்பாயி. சொல் ஒன்றிரண்டு சரியாகப் புரியவில்லை. ரோட்டில் கீழ்வேளூர் பஸ் ஹாரன் அடித்துப் போனது ஒரு பாட்டின் நடுவில் விழுந்திருக்கிறது. ஆனால் கண்ணை மூடினால் நாற்று முடி கையில் இருப்பது போல இருந்தது.

நாதஸ்வரத்திடம் வாங்கிய அடி

மமதை வந்தால் அடியும் வருமே. மாமா பெண் கல்யாணத்தில் நாதஸ்வரத்தையும் பிடிக்கிறேன் என்று அதே ரெக்கார்டரோடு கிளம்பினேன். நரசிங்கம்பேட்டையில் செய்த பாரி நாயனம். 2022இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் அது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் பிரபலமான நீளமான வகை. நீளமாயிருந்தால் சுருதி கொஞ்சம் இறங்கும், ஆனால் சத்தம் சத்தம்தான். கோயில் வீதியில் மைக் இல்லாமல் ஊருக்கே கேட்பதற்காகச் செய்த வாத்தியம் அல்லவா!

ஐந்தடியில் நின்று பிடித்தேன். தவில்காரர் ஒரு தீர்மானம் வைத்தார். மொத்தமும் கிழிந்து 'கறமுற'. அளவுக்கு மீறி உள்ளே வந்த சத்தம் வெட்டுப்பட்டுப் போனால், பிறகு கம்ப்யூட்டரில் குறைத்தாலும் வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். இப்போது வருகிற சில ரெக்கார்டர்களில் '32-பிட் ஃப்ளோட்' என்று ஒரு வசதி உண்டு. அதில் அளவு தவறினாலும் பெரும்பாலும் பிறகு மீட்டுவிடலாம். ஆனால் மைக்கே தாங்காத சத்தம் என்றால் அதுவும் காப்பாற்றாது. இதற்கு மருந்து தூரம் மட்டும்தான். பன்னிரண்டு அடி தள்ளி, நாயனத்தின் அணசுக்கு நேராக நிற்காமல் ஓரமாக நின்றதும் எல்லாம் சரியானது. வெளி மைக் எதுவும் தேவைப்படவில்லை.

சரி, எது வாங்குவது?

நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்.

1. ஒரே ஆள், பேட்டி, சொல் முக்கியம் என்றால் வெளி மைக். காலர் மைக் போதும். சேலை, வளையல், தாலிக்கொடி உரசாத இடமாகப் பார்த்துக் குத்துங்கள்.

2. பலர் பாடுவது, இடத்தின் சூழல், ஊர்வலம், திருவிழா என்றால் நல்ல ரெக்கார்டரின் உள் மைக். கந்தூரிக் கூட்டத்தில் ஒயரோடு திரிந்தால் யாராவது மிதித்துப் பிடுங்கிவிடுவார்கள்.

3. மலிவான வெளி மைக், நல்ல உள் மைக்கைவிட உசத்தி இல்லை. 'தனி மைக்' என்ற பெயருக்காக மட்டும் காசு போடாதீர்கள்.

4. மேடையில் பார்க்கிற பெரிய கண்டென்சர் மைக்குகளுக்கு 48 வோல்ட் மின்சாரம் ரெக்கார்டர் கொடுக்க வேண்டும். சின்ன ரெக்கார்டரின் 3.5 மி.மீ. ஓட்டை ஓரிரண்டு வோல்ட்தான் கொடுக்கும். அந்த மைக் வேண்டுமென்றால் மூன்று முள் கொண்ட எக்ஸ்எல்ஆர் சொருகி உள்ள ரெக்கார்டர் வாங்க வேண்டும்.

5. வெளி மைக் என்றால் கூடுதலாக ஒரு ஒயர், ஒரு பின், சிலவற்றில் ஒரு பட்டன் பேட்டரி. கெட்டுப்போக மூன்று புது வழி. அதிலும் நம் நாகைக் கடற்காற்று! ஆறே மாதத்தில் என் மைக் பின்னில் உப்புப் பூத்து 'கர கர' என்றது. துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள். அரிசிப் பானைக்குள் போடாதீர்கள், தவிடு ஓட்டைக்குள் போய்விடும் (அனுபவம்!).

6. எந்த மைக்காக இருந்தாலும் ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டே பதிவு செய்யுங்கள். வரப்பில் நான் அதை மட்டும் செய்திருந்தால் முதல் நிமிஷத்திலேயே தெரிந்திருக்கும்.

7. கையில் இருப்பது ஃபோன் மட்டும்தானா? கவலையில்லை. காற்றில்லாத அறை, மின்விசிறியை நிறுத்துங்கள், ஃபோனைக் கையில் பிடிக்காமல் தலையணைமேல் வையுங்கள், கிட்டே வையுங்கள். மைக்கை மாற்றுவதைவிட இடத்தை மாற்றுவதில் லாபம் அதிகம்.

கடைசியாக

செய்முறை வேலைக்கு நல்ல மதிப்பெண் வந்தது. வரப்பில் பாடிய அந்த இரண்டு பாட்டை மறுபடி வாங்க வேண்டும் என்று இருந்தேன். திண்ணையில் கேட்டபோது அப்பாயிக்கு ஞாபகம் வரவில்லை. "வயல்ல நின்னா வரும்டா தம்பி, திண்ணையில வராது. தை பொறக்கட்டும், அறுப்புக்குப் போவோம்" என்றார். அண்ணனிடம் ரெக்கார்டர் மறுபடி கேட்டு வைத்திருந்தேன். தை பிறந்தது. பொங்கல் கழிந்து ஒன்பதாம் நாள் அப்பாயி தூக்கத்திலேயே போய்விட்டார்.

அந்த இரண்டு பாட்டு இப்போது அந்தப் 'புஸ் புஸ்' கோப்பில் மட்டும்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் போட்டுக் கீழ்ச்சத்தத்தை வெட்டி, ஏதேதோ செய்து பார்த்தேன். ஒரு பாட்டில் ஏழு சொல் தேறியது. அவ்வளவுதான். அந்தக் கோப்பை அழிக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லோரும் கூடியிருந்தபோது அத்தை கேட்டார், "அம்மா பாடுனத போடுடா". தெளிவாக இருக்குமே என்று காலர் மைக் பதிவைப் போட்டேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். "நல்லாருக்கு. ஆனா அம்மா மாதிரி இல்லியே" என்றார் அத்தை. அப்புறம் திண்ணைப் பதிவைப் போட்டேன். வெற்றிலை இடிக்கிற சத்தம் வந்ததுமே அத்தை அழ ஆரம்பித்துவிட்டார்.

அன்று இரவு திருவாரூர் வீட்டிலிருந்து அவர் ஒரு கேசட்டைக் கொண்டுவந்திருந்ததைக் கொடுத்தார். தாத்தா சவூதியிலிருந்து திரும்பியபோது கூடவே கொண்டுவந்தவற்றில் ஒன்று. மற்றதெல்லாம் டிரங்குப் பெட்டியில் இருந்து 2018 நவம்பரில் கஜா புயலில் ஓடு பறந்தபோது நனைந்து போய்விட்டன. இது மட்டும் அத்தை வீட்டு டேப் ரெக்கார்டருக்குள்ளேயே கிடந்ததால் பிழைத்தது. மேலே '1988' என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருக்கிறது.

அதில் நாற்பத்துச் சொச்சம் வயது அப்பாயி தாத்தாவிடம் பேசுகிறார். நெல் என்ன விலைக்குப் போனது, பசு கன்று போட்டது, பெரியவனுக்குச் செருப்பு வாங்க வேண்டும் என்று. பின்னால் ஒரு சின்னப் பெண் வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள். அது அத்தை! அப்பாயி பேச்சை நிறுத்தும்போதெல்லாம் 'உஸ்ஸ்' என்று இரைச்சல் மேலே எழுகிறது. அந்த இரைச்சலோடு சேர்ந்து வாய்ப்பாடும் எழுந்து வருகிறது. நான் இவ்வளவு திட்டிய அந்தத் தானே ஏற்றும் வேலைதான், அப்பாயி மௌனமான இடத்தில் அத்தையின் குழந்தைக் குரலைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது.

அதனால் நண்பா, உள் மைக்கா வெளி மைக்கா என்று ஒரு வாரம் யோசி, தப்பில்லை. ஆனால் உங்கள் வீட்டில் பாடுகிறவர், கதை சொல்கிறவர் யாராவது இருந்தால், யோசித்து முடிக்கிற வரை காத்திருக்காதே. இன்றைக்கு ராத்திரி மின்விசிறியை நிறுத்திவிட்டு ஃபோனைத் தலையணைமேல் வை. நல்ல மைக் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.